அரபியர் யாப்பும் அதன் காவலும்

செய்யுள் என்பது எம்மொழியிலும் முதற்கண் செவிக்குரியது. கண்ணுக்கு உரியதாயது பின்னரே. ஏடும் எழுத்துக்கோலும் கைக்கு எட்டாத காலத்தே ஒரு குடியின் புகழும் பழியும், மகிழ்வும் இழவும், அடுத்த தலைமுறைக்குச் செல்லுதற்கு வாய்மொழியன்றி வேறு வாயில் இல்லை. வாய்மொழியோ எளிதில் திரிவது. அங்ஙனம் திரியாவண்ணம் சொல்லைச் சொல்லோடு பிணித்து நிறுத்தும் கட்டே யாப்பு. தமிழ் கற்கும் நமக்கு இவ்வுண்மை புதிதன்று. ஆயினும், நம் யாப்பினின்றும் முற்றும் வேறாய நிலத்தில், வேறாய மொழியில், இக்கட்டு எவ்வாறு அமைந்ததென்று நோக்குதல் நம் யாப்பின் இயல்பையும் தெளிவுற அறிதற்குத் துணையாம். ஆதலின் பண்டை அரபுச் செய்யுளின் யாப்பமைதியை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம். யாப்பு எதனைக் காக்கும், எதனைக் காக்கமாட்டாது என்பதே இவ்வாராய்ச்சியில் நாம் விடை காண வேண்டிய வினா.

இஸ்லாம் தோன்றுதற்கு முன்னைய நூறு நூற்றைம்பது ஆண்டுகளில் வாழ்ந்த அரபுப் புலவர் பாடிய நெடும்பாட்டுக்குக் கஸீதா என்று பெயர். ஒவ்வொரு பெரும்புலவர்க்கும் 'ராவி' எனப்படும் மனனக்காரன் ஒருவன் இருந்தான். புலவன் பாடியதைக் கேட்டு நெஞ்சிற் பதித்து, சந்தைகளிலும் குடிகளின் கூட்டங்களிலும் ஓதுதல் அவன் தொழில். பின்னாளில் அவனே புலவனாதலும் உண்டு. இவ்வாறு வாய்வழி வந்த பாட்டுக்களுள் தலைசிறந்தனவாகத் தொகுக்கப்பட்டவை 'முஅல்லகாத்' என்பன. இம்ருவுல்கைஸ், தரபா, ஸுஹைர், லபீத், அந்தரா, அம்ர் இப்னு குல்தூம், ஹாரித் என்னும் எழுவர் பாட்டுக்களும் அத்தொகையுள் பெரும்பான்மையோர் ஒப்பக் கொள்வன. இவற்றுள் முதல் மூன்றும் 'தவீல்' என்னும் யாப்பின. லபீதும் அந்தராவும் பாடியவை 'காமில்'. அம்ர் பாடியது 'வாபிர்'. ஹாரித் பாடியது 'கபீப்'. அப்புலவருள் ஒருவரும் இப்பெயர்களை இலக்கண நூலிற் கற்றவரல்லர். அவர்காலத்தில் யாப்பிலக்கணம் என ஒரு நூலே இருந்ததன்று. செவியே அவர்க்கு நூல்.

அச்செவியின் அறிவை இலக்கணமாக வகுத்தவர் கலீல் இப்னு அஹ்மத் என்னும் பேரறிஞர். அவர் கி.பி. 718-ஐ ஒட்டி ஓமான் நாட்டினராய்ப் பிறந்து, ஈராக்கின் பஸ்ரா நகரில் வாழ்ந்து, 8-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மறைந்தவர். அரபு இலக்கணத்தின் பெருநூலை இயற்றிய ஸீபவைஹி அவர்தம் மாணாக்கர். அரபு மொழியின் முதற் பேரகராதியாகிய 'கிதாபுல் ஐன்' என்பதைத் திட்டமிட்டவரும் அவரே. எழுத்துக்களை நெடுங்கணக்கு முறையில் வையாது, தொண்டையின் அடியிற் பிறப்பனவற்றை முன்னும் இதழிற் பிறப்பனவற்றைப் பின்னுமாக நிறுத்திய அகராதி அஃது. பிறப்பிடம் நோக்கி ஒலிகளை ஆய்ந்த அச்செவியே யாப்பையும் ஆய்ந்தது என்க. அவர் பஸ்ராவின் கடைத்தெருவிற் செல்லுங்கால் கன்னாரின் சம்மட்டி ஓசை கேட்டு, அதன் அடிப்பும் இடைவெளியும் மாறிமாறி வருதலை உற்றுணர்ந்து யாப்பின் நுட்பத்தைக் கண்டார் என ஒரு கதை வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, யாப்பென்பது ஒலியும் ஓய்வும் ஒழுங்குபட வருதலே என்னும் கருத்தை அது நன்கு விளக்குகின்றது. அவர் இயற்றிய யாப்பு நூல் இன்று கிடைத்திலது. பின்வந்தோர் எழுதிய நூல்களின் வாயிலாகவே அவர்தம் கொள்கையை அறிகின்றோம்.

இனி, இவ்யாப்பியலின் கலைச்சொற்களை நோக்குமிடத்து, அவை பாலைநில மக்களின் கூடாரத்தினின்றே பெரிதும் எடுக்கப்பட்டமை புலனாகும். செய்யுளின் ஓர் அடிக்கு 'பைத்' என்று பெயர்; அச்சொல் வீட்டையும் கூடாரத்தையும் குறிப்பது. அவ்வடி இரண்டு சமபாதிகளால் ஆவது. ஒவ்வொரு பாதியும் 'மிஸ்ராஃ' எனப்படும். அஃது இரட்டைக் கதவின் ஒரு கதவுக்குப் பெயர். அசைகளுள் ஒருவகை 'ஸபப்', அஃதாவது கயிறு. மற்றொரு வகை 'வதத்', அஃதாவது முளை. முதற்பாதியின் இறுதிச்சீர் 'அரூள்' எனப்படும். யாப்பியல் முழுமைக்கும் 'இல்முல் அரூள்' என்பதே பெயராயிற்று. இப்பெயர்க்குக் காரணம் பலவாறு கூறுவர். கூடாரத்தின் நடுக்கம்பு என்பது அவற்றுள் ஒன்று. இரண்டாம் பாதியின் இறுதிச்சீர் 'ளர்ப்' எனப்படும். கயிறு நெகிழலாம், இறுகலாம். முளை பெயருமாயின் கூடாரம் வீழும். இவ்வொப்புமை வெறும் அணியன்று என்பது பின்னர்ப் புலப்படும்.

அசையமைதி வருமாறு. அரபு எழுத்துக்களை யாப்பு நூலார் இருவகையாகப் பகுப்பர். உயிரோசை பெற்றியங்கும் எழுத்து 'முதஹர்ரிக்', அஃதாவது அசைவது. உயிரோசை இன்றி நிற்பது 'ஸாகின்', அஃதாவது அடங்கி நிற்பது. இவற்றை நம் உயிர்மெய்க் குறிலுக்கும் புள்ளியெழுத்துக்கும் ஒப்பாகக் கொள்ளலாம். நெட்டெழுத்து, அசைவது ஒன்றும் அடங்குவது ஒன்றுமாக இரண்டெழுத்தாய் எண்ணப்படும். எழுதியவாறன்றிக் கேட்டவாறே எண்ணுதல் விதி. ஒலியாத எழுத்தை விடுக. எழுதாது ஒலிக்கும் னகரத்தைக் கூட்டுக. இரட்டித்த எழுத்தை இரண்டாகக் கொள்க என்பர்.

அசையும் எழுத்து ஒன்றும் அடங்கும் எழுத்து ஒன்றும் சேர்வது மென்கயிறு. 'லம்' என்பது போல. அசையும் எழுத்து இரண்டே சேர்வது வன்கயிறு. 'அர' என்பது போல. இரண்டு அசைந்து மூன்றாவது அடங்குவது கூடுமுளை. 'அலா' என்பது போல. அசைவது இரண்டின் நடுவே அடங்குவது ஒன்று நிற்பது பிரிமுளை. 'ளஹ்ரி' என்பது போல. மூன்று அசைந்து நான்காவது அடங்குவது சிறு 'பாஸிலா'. 'ஜபலின்' என்பது போல. நான்கு அசைந்து ஐந்தாவது அடங்குவது பெரும் பாஸிலா. 'ஸமகதன்' என்பது போல. இவ்வாறு உதாரணமாகக் காட்டிய ஆறு சொற்களையும் வரிசையாகச் சேர்த்தால், மலையின் முதுகின்மேல் மீனொன்றையும் யான் கண்டிலேன் என்னும் பொருள்படும் ஒரு வாக்கியம் ஆகும். மாணாக்கர் மறவாதிருத்தற்கு ஆசிரியர் கட்டிய சொற்றொடர் இது. மலையில் மீன் தேடும் வேடிக்கையால் ஆறு அசைகளும் நெஞ்சில் நின்றுவிடுகின்றன. இலக்கணம் கற்பிப்போர் எந்நாட்டினும் ஒரே இயல்பினர் போலும்!

அசைகள் கூடிச் சீராகும். அரபியர் சீர் எட்டு. அவற்றின் வாய்பாடுகளெல்லாம் 'செய்தல்' எனப் பொருள்படும் ஒரே வினையடியினின்று பிறந்தவை. நாம் தேமா, புளிமா என மரப்பெயரால் வாய்பாடு வகுத்தவாறே அவர் வினையால் வகுத்தனர். இரண்டிடத்தும் உத்தி ஒன்றே: சீரின் பெயரே அச்சீருக்கு உதாரணமுமாம். இவ்வெட்டினையும் நம் அசைகளால் அளந்து காண்பாம். ஈண்டு உயிரெழுத்தாக எழுதிய இடங்களில் தொண்டையிற் பிறக்கும் 'ஐன்' என்னும் மெய்யொன்று உண்டென்று கொள்க.

'பஊலுன்' என்பது நிரை நேர், புளிமா. 'பாஇலுன்' என்பது நேர் நிரை, கூவிளம். 'மபாஈலுன்' என்பது நிரை நேர் நேர், புளிமாங்காய். 'முஸ்தப்இலுன்' என்பது நேர் நேர் நிரை, தேமாங்கனி. 'பாஇலாதுன்' என்பது நேர் நிரை நேர், கூவிளங்காய். 'முபாஅலதுன்' என்பது நிரை நிரை நேர், கருவிளங்காய். 'முதபாஇலுன்' என்பது நிரை நேர் நிரை, புளிமாங்கனி. 'மப்ஊலாது' என்பது நேர் நான்கு, தேமாந்தண்பூ.

இவ்வொப்புமை கண்டு இரண்டு யாப்பும் ஒன்றே என்று துணிதல் கூடாது. நம் நிரையசை குறிலிணையாயினும், குறில்நெடிலாயினும், ஒற்றடுத்து வரினும் ஒருதன்மைத்தே. அசையின் ஈற்றொற்று எண்ணப்படுவதன்று. அரபியர்க்கோ குறிலிணை வன்கயிறு, ஒற்றடுத்த குறிலிணை கூடுமுளை, இரண்டும் வேறு. ஆகலின் 'புளிமா' என்னும் சொல்லில் இரு குறிலும் ஒரு நெடிலும் ஒலிக்க, 'பஊலுன்' என்பதில் ஒரு குறிலும் இரண்டு நெடிய ஓசையும் ஒலிக்கும். மேற்காட்டிய எட்டனுள் கூவிளம், கூவிளங்காய் என்னும் இரண்டே ஓசையளவினும் முற்றப் பொருந்துவன. ஏனையவை அசையளவில் ஒத்து, மாத்திரையளவில் வேறுபடுவன. தமிழ் யாப்பு அசையை எண்ணித் தளையால் பிணிப்பது. அரபு யாப்பு குறிலோசையும் நெடிலோசையும் நிற்குமிடத்தை வரையறுத்துப் பிணிப்பது. ஓரளவிற்கு நம் சந்தப்பாக்களே இதற்கு நெருங்கிய உறவு.

சீர்கள் கூடியமையும் யாப்பு வகைக்கு 'பஹ்ர்', அஃதாவது கடல், என்று பெயர். கலீல் வகுத்தவை 15. பதினாறாவதாகிய 'முததாரிக்' என்பதைப் பின்வந்த அக்பஷ் என்பார் சேர்த்தார் என்பது மரபு. இவற்றுட் பண்டைப் புலவர் மிகுதியும் போற்றியது தவீல், அஃதாவது நெடியது. அதன் ஒரு பாதி, பஊலுன் மபாஈலுன் பஊலுன் மபாஈலுன் என நடக்கும், மறுபாதியும் அவ்வாறே. இவ்வோசையைத் தமிழ்ச் செவிக்குக் காட்டுவான் வேண்டி, நிரையெல்லாம் நெடிலேனும் ஒற்றேனும் பெற்றிறுமாறு யான் கட்டிய அடியொன்றை ஈண்டுத் தருகின்றேன்:

விடிந்தும் மணற்பாழில் வெறுங்கல் அடுப்பின்பால்
இருந்தான் துயர்கொண்டோன் எழுந்தே நடந்தானே.

இதனை உரக்கப் படிப்போர், குறுகிய ஓசையொன்று முன்னிற்ப, நெடிய ஓசை இருமுறையும் மும்முறையுமாக மாறிமாறி அதன்பின் வருதலை உணர்வர். சிறுநடையும் பெருநடையும் விரவிய இவ்வோசை, நெடுவழிச் செல்வோனின் நினைவோட்டத்திற்கு ஏற்றது. பொருளும் கஸீதாக்களின் மரபினதே. காதலியின் குடி பெயர்ந்துபோன பாழிடத்தில், அடுப்புக்கல்லும் கரியும் கண்டு புலவன் நின்றழுதலே அவற்றின் வழக்கமான தொடக்கம். ஆனால் அரபுப் பாட்டினுள்ளே முதற்பாதியின் இறுதிச்சீர் 'மபாஇலுன்' எனக் குறுகியே வருதல் பெருவழக்கு. யான் காட்டியது வாய்பாட்டின் நிறைவடிவம்.

கலீலின் நுண்ணறிவு முழுதும் விளங்குமிடம் அவர் வகுத்த ஐந்து வட்டங்களாம். மூன்றாம் வட்டத்தை உதாரணமாகக் கொள்வாம். ஒரு வட்டத்தின் விளிம்பில் முளை, கயிறு, கயிறு. மீண்டும் முளை, கயிறு, கயிறு என எழுதுக. முளையிலிருந்து படிக்கத் தொடங்கின் மபாஈலுன், மபாஈலுன் என வரும், அது 'ஹஸஜ்'. முதற்கயிற்றிலிருந்து தொடங்கின் கயிறு, கயிறு, முளை என்றாகி முஸ்தப்இலுன் வரும், அது 'ரஜஸ்'. இரண்டாம் கயிற்றிலிருந்து தொடங்கின் கயிறு, முளை, கயிறு என்றாகிப் பாஇலாதுன் வரும், அது 'ரமல்'. மூன்று யாப்பும் மூன்றல்ல, ஒரே சக்கரத்தை மூன்றிடத்தில் தொட்டவையே எனக் கண்டனர் கலீல். இவ்வாறே முதல் வட்டத்தில் தவீல், மதீத், பஸீத் என மூன்றும். இரண்டாவதில் வாபிர், காமில் என இரண்டும். நான்காவதில் ஸரீஃ, முன்ஸரிஹ், கபீப், முளாரிஃ, முக்தளப், முஜ்தத் என ஆறும். ஐந்தாவதில் முதகாரிப் என்பதும் அடங்கும். பின்னர்ச் சேர்ந்த முததாரிக்கும் ஐந்தாம் வட்டத்திலேயே, பஊலுன் என்பதை நடுவிலிருந்து படிக்கப் பாஇலுன் ஆகுமாறு, கிடந்தது. வட்டங்கள் காட்டும் வடிவங்கள் யாவும் வழக்கில் உள்ளன என்பதன்று. முளாரிஃ, முக்தளப் என்பன பழம்பாட்டில் மிக அரியவை. வட்டத்திற் பிறந்தும் புலவர் கையாளாது விட்டனவும் உள. நூலின் ஒழுங்கு வேறு, நாவின் வழக்கு வேறு என்பதற்கு இஃதொரு சான்று.

நிற்க. வாய்பாடு இவ்வளவு இறுக்கமாயின் புலவன் எங்ஙனம் பாடுவான் எனின், கூறுதும். வாய்பாட்டில் இருவகை மாற்றம் இசைவுடையது. ஒன்று 'ஸிஹாப்'; மற்றொன்று 'இல்லத்'. ஸிஹாப் என்பது கயிற்றின் இரண்டாம் எழுத்தையே தொடும், முளையைத் தொடாது. முஸ்தப்இலுன் என்பதன் இரண்டாம் எழுத்தாகிய ஸகரம் கெட்டு 'முதப்இலுன்' ஆகலாம். நான்காம் எழுத்தாகிய பகரம் கெட்டு 'முஸ்தஇலுன்' ஆகலாம். இறுதியிலுள்ள 'இலுன்' என்னும் முளை ஈரிடத்தும் அசையாது நிற்றல் காண்க. இம்மாற்றம் ஓரடியில் வந்து மற்றோரடியில் வாராது ஒழியலாம். இல்லத் என்பதோ பாதிகளின் இறுதிச்சீரில் நிகழ்வது. முதலடியிற் கொண்டதைப் பாட்டு முடியுமளவும் விடாது கொள்ளல் வேண்டும். ஆகவே அடியின் உள்ளே உரிமையும், அடியின் இறுதியில் ஒழுங்கும் அமைந்தன. கயிறு நெகிழ முளை நிற்கும் என முற்கூறியது இதுவே. அம்முளையே அடியின் அழுத்தம் விழும் இடம் என 1958-இல் ஜெர்மானிய அறிஞர் கொத்ஹோல்ட் வைல் ஒரு கொள்கை வெளியிட்டார். அறிஞர் எல்லாரும் அதற்கு உடன்பட்டிலர் எனினும், முளையின் நிலைபேறு யாவரும் ஒப்பியதே.

இந்நெகிழ்ச்சியால் ஒரு யாப்பு மற்றொன்றாகத் தோன்றலும் உண்டு. முதபாஇலுன் மும்முறை வருவது காமில். அச்சீரின் இரண்டாம் எழுத்து உயிரோசை இழப்பின் ஓசையால் முஸ்தப்இலுன் ஆகிவிடும். அங்ஙனம் வருதல் மிகுதி. முஸ்தப்இலுன் மும்முறை வருவதோ ரஜஸ். ஓரடியை மட்டும் நோக்குவோன் இரண்டனுள் எதுவென்று துணியமாட்டான். பாட்டு முழுதும் தேடி, முதபாஇலுன் ஒன்றேனும் காணின் அது காமில் எனத் துணிதல் மரபு. ஓர் அடியை அதன் பாட்டோடு வைத்தே அறியவேண்டும் என்னும் இப்பாடம் யாப்புக்கு மட்டும் உரியதன்று.

ரஜஸைப் பற்றி ஈண்டே சிறிது கூறுவாம். அது போர்க்களத்தும் ஒட்டகம் ஓட்டும்போதும் அவ்வப்பொழுது எழும் எளிய பாட்டுக்கு உரியதாயிருந்தது. பின்னோர் அதனைப் 'புலவரின் கழுதை' என எள்ளினர். ஆயினும் கழுதையே சுமை சுமப்பது. 1274-இல் மறைந்த இப்னு மாலிக் அரபு இலக்கணம் முழுமையையும் ஏறக்குறைய ஆயிரம் அடிகளில் ரஜஸ் யாப்பிலேயே பாடினார். 'அல்பிய்யா' எனப்படும் அந்நூலை மாணாக்கர் பல நூற்றாண்டுகளாக மனனம் செய்து வருகின்றனர். நம் நன்னூல் நூற்பாவைப் பாடம் செய்வோர் அவ்வருமையை உணர்வர்.

யாப்போடு ஒருங்கு நிற்பது 'காபியா' எனப்படும் இயைபு. கஸீதாவின் எல்லா அடிகளும் ஒரே இயைபில் முடிதல் வேண்டும். பாட்டு நூறடியாயினும் விதி மாறாது. இயைபுக்கு அடிப்படையாகிய எழுத்து 'ரவீ' எனப்படும். அதனாலேயே பாட்டுக்குப் பெயரிடுதலும் உண்டு: லாமில் முடிவது 'லாமிய்யா', மீமில் முடிவது 'மீமிய்யா'. நம் அடிகள் எதுகையால் தலையிற் பிணிக்கப்பட, அவர் அடிகள் இறுதியிற் பிணிக்கப்பட்டன. தலையிற் கட்டியதை நாம் அடி தொடங்கும்போதே உணர்கின்றோம். இறுதியிற் கட்டியதை அவர் எதிர்நோக்கிக் காத்திருந்து கேட்டனர். இயைபு வந்து வீழுந்தோறும் கேட்போர் தாமும் உடன்கூறினர் எனின் அது வியப்பன்று.

இனி நம் வினாவுக்கு வருவாம். இவ்வளவு நுண்ணிய கட்டு எதனைக் காத்தது? ஒரு சொல்லின் உயிரோசையொன்று கெடினும் அடி நொண்டும். ஓர் அசை மிகினும் கேட்போர் செவி உறுத்தும். பிழைபட்ட ஏட்டைத் திருத்துவோர்க்கு இதனினும் சிறந்த துணை இல்லை. வாய்வழி வந்த பாட்டின் ஓசை சிதையாது நின்றமைக்கு யாப்பே காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயின், ஒரு சொல்லின் இடத்தில் அதே அளவினதாகிய வேறொரு சொல் புகுமாயின் யாப்பு வாயடைத்து நிற்கும். பழம்பாட்டுக்களின் பாடவேறுபாடுகளுட் பல இத்தகையனவே. ஓசை வேறுபடாமையின் அவை வாயிலிற் காவலனைக் கடந்து உட்புகுந்தன.

இதனினும் பெரியதோர் இடர் உண்டு. யாப்பறிந்தவன் பொய்ப்பாட்டும் குற்றமறக் கட்டவல்லன். 8-ஆம் நூற்றாண்டில் பழம்பாட்டுக்களைத் தொகுத்த ஹம்மாத், கலபுல் அஹ்மர் என்பார்மேல், தாமே பாடியவற்றைப் பண்டையோர் பெயரால் வழங்கினர் என்னும் குற்றச்சாட்டு அக்காலத்தேயே எழுந்தது. 1925-இல் மார்கோலியத் என்னும் ஆங்கில அறிஞரும், 1926-இல் எகிப்தின் தாஹா ஹுஸைனும், இஸ்லாத்திற்கு முன்னையவாகக் கூறப்படும் பாட்டுக்களிற் பெரும்பாலன பின்னோர் புனைந்தவை என எழுதினர். தாஹா ஹுஸைனின் நூல் பெருங்கிளர்ச்சியை விளைத்து, விலக்கப்பட்டு, மறு ஆண்டு மாற்றங்களோடு வேறு பெயரில் வெளிவந்தது. பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் அவர்தம் முடிபு வரம்பு கடந்ததெனக் கருதினர். எனினும் வழக்கு எழுந்த இடம் நாம் கருதத்தக்கது. யாப்பு பாட்டின் உடலைக் காக்கும். பாடியவன் இன்னானென்று சான்று கூறாது. அதற்கு மொழிவரலாறும், பொருளாராய்ச்சியும், ஏடுகளை ஒப்புநோக்கலும் வேண்டும். செப்பமான யாப்பைக் கண்ட அளவில் பழமையென்று நம்புதலும், அதனை ஐயுற்ற அளவில் அனைத்தையும் பொய்யென்று தள்ளுதலும் ஒருநிகராய பிழைகளேயாம்.

இலக்கணம் புலவனுக்கு முந்தியதா பிந்தியதா என்னும் வழக்கும் அரபியரிடை எழுந்தது. கலீலுக்கு இளையவராகிய அபுல் அதாஹிய்யா என்னும் புலவர் பாட்டொன்று நூலில் அடங்காமை கண்டு சிலர் வினாவ, யாப்பு நூலினும் தாம் பெரியர் என அவர் விடையிறுத்தார் என்பர். செருக்குடைய விடையே, எனினும் அதனுள் உண்மை இல்லாமல் இல்லை. ஸ்பெயின் நாட்டை அரபியர் ஆண்ட காலத்தே ஒற்றை இயைபை விடுத்துப் பல இயைபுகளாற் கட்டிய 'முவஷ்ஷஹ்' என்னும் இசைப்பாட்டுத் தோன்றியது. 1947-இல் எகிப்தில் வாந்திபேதி பரவியபோது, ஈராக்கியப் பெண்பாற் புலவர் நாஸிக் அல் மலாயிகா அந்நோயைப் பற்றிப் பாடிய பாட்டில், சீரை வைத்துக்கொண்டு, அடிக்கு இத்தனை சீர் என்னும் வரையறையை விடுத்தார். அவர் நாட்டினராகிய பத்ர் ஷாகிர் அஸ்ஸய்யாபும் அவ்வாண்டிலேயே அந்நெறி நின்றார். அக்கட்டுத் தளர்ந்த பாட்டிலும் கலீலின் சீர் தன் ஓசையோடு நின்றமை நோக்கத்தக்கது. கூடாரம் வடிவு மாறிற்று, முளை பெயர்ந்திலது.

இவ்யாப்பு அரபு மொழியளவில் நின்றதன்று. பாரசீகர் இதனைத் தம்மொழிக்கு ஏற்பத் திருத்திக்கொண்டனர். பிர்தௌஸியின் ஷாநாமா முதகாரிப் யாப்பினது. ரூமியின் மஸ்னவி ரமல் யாப்பினது. உருதுக் கஸல்களும் இம்மரபின. 10-ஆம் நூற்றாண்டில் தூனாஷ் பென் லப்ராத் என்னும் யூத அறிஞர் ஸ்பெயினின் கோர்தோவா நகரில் எபிரேயச் செய்யுளுக்கு இவ்யாப்பைக் கொணர்ந்தார். முளைக்கு அரபியர் 'வதத்' என்றதை எபிரேயர் 'யாதேத்' என்றனர். இரண்டும் ஒருமூலச் சொற்களே. இஃது எபிரேய மொழியின் இயல்பைக் கெடுக்கும் என மெனாஹேம் என்பாரின் மாணாக்கர் வன்மையாக மறுத்தனர். அவர் மறுப்பு அடிப்படையற்றதன்று. திருமறையிலுள்ள சங்கீதங்கள் இத்தகைய அளவுயாப்பில் அமைந்தவையல்ல. ஒரு கருத்தை அடுத்தடுத்த பகுதிகளில் இணைத்தும் மாற்றியும் கூறும் பொருளிணைப்பே அவற்றின் கட்டு. இதனை 1753-இல் வெளிவந்த தம் விரிவுரைகளில் ராபர்ட் லௌத் விளக்கினார். ஆயினும் வேற்றுமொழி யாப்பை ஏற்றும், இப்னு கபிரோல், யூதா ஹலேவி போன்றோர் உருக்கமான பாட்டுக்களை எபிரேயத்திற்கு அளித்தனர். மறுத்தோரும் ஏற்றோரும் ஒருசேர வென்றனர் என்னலாம்.

இவ்யாப்பு ஒரு சமயத்தார்க்கே உரியதுமன்று. உமையர் காலத்துப் பெரும்புலவருள் ஒருவராகிய அக்தல் கிறித்தவர். 1904-இல் ஹோமரின் இலியதைக் கலீலின் யாப்பு வகைகளில் அரபுச் செய்யுளாக மொழிபெயர்த்த சுலைமான் அல் புஸ்தானியும் லெபனான் நாட்டுக் கிறித்தவரே. நம் நாட்டிலும் காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரையூர்களில், 13-ஆம் நூற்றாண்டினராகிய பூஸீரி பாடிய 'புர்தா' ஓதப்படுகின்றது. அது பஸீத் யாப்பினது, மீமில் முடிவது. ஆகவே அரபு யாப்பின் ஓசை தமிழ்நாட்டுக் காற்றுக்கு அயலானதன்று.

மேற்கூறியவாற்றான் பெறப்படுவன யாவை? புலவர் செவியாற் கண்டதையே நூலார் விதியாக வகுத்தனர். விதி பிறந்தபின் அது செவியைக் காக்கவும் செய்தது, சிலபோது கட்டவும் செய்தது. யாப்பு நினைவுக்குச் சிறந்த காவல். உண்மைக்கு அதுவே முற்றிய காவலன்று. நூலை மட்டும் கற்று ஓசையைக் கல்லாதவன் முளையை எண்ணிக்கொண்டு கூடாரத்தின் உட்புகாதவனை ஒப்பான். ஓசையை மட்டும் விரும்பி நூலை இகழ்பவனோ, காற்றடிக்குமளவும் முளையின் அருமையை அறியாதவன். இவ்விரண்டு குறையும் நம் கல்லூரி மாணாக்கரிடையே இல்லையென்று கூறற்கில்லை. நேர் நிரை என எழுதித் தேர்வில் வெல்வோர் பலர். ஒரு வெண்பாவை ஓசை கெடாது வாய்விட்டுப் படிப்போர் சிலர். கலீலுக்கு வழிகாட்டியது சம்மட்டியோசையாயின், நமக்கு வழிகாட்டுதற்கு நம் முன்னோர் பாட்டே உண்டு. அதனை முதலில் உரக்கப் படித்துக் கேட்பாம், பின்னர் அலகிடுவாம். அவ்வாறு கற்பின் யாப்பு விலங்கன்று, பாலைப் பெருவெளியிலும் சொல் தங்குதற்கு அமைந்த வீடு என்பது இனிது விளங்கும்.